ஓர் ஏற்பி, மூன்று விடைகள்: டெக்டின்-1உம் குடல் பூஞ்சைகளும்

செல்லின் மேற்பரப்பில் இருந்து பூஞ்சையை அடையாளம் காணும் புரதமான டெக்டின்-1 என்னும் ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிக்குப் பெருங்குடல் அழற்சி கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு மூன்று ஆய்வகங்கள் மூன்று விடைகளைத் தந்துள்ளன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில் டேவிட் அண்டர்ஹில்லின் ஆய்வகம் 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, அழற்சி கூடுகிறது என்றது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், ஏற்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழற்சியின் போக்கில் மாற்றமில்லை என்று ‘பி.எம்.சி. கேஸ்ட்ரோஎன்டராலஜி’ இதழில் எழுதினர். 2015இல் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தின் யோய்ச்சிரோ இவாகுராவின் குழு, ஏற்பி இல்லாத எலிகளுக்கு அழற்சி குறைவாகவே வருகிறது என்று ‘செல் ஹோஸ்ட் அண்ட் மைக்ரோப்’ இதழில் காட்டியது. மூன்று இடங்களிலும் நீக்கப்பட்டது ஒரே மரபணுதான். எங்கோ ஓரிடத்தில் சோதனை பிழைத்திருக்கும் என்று இந்த முரணை ஒதுக்கிவிடலாம். ஆனால் மூன்று கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, அவற்றில் எந்த ஒன்றும் தனியே சொல்லாத செய்தி கிடைக்கிறது. குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் ஓர் ஏற்பியின் நன்மை தீமையைப் பேச முடியாது என்பதே அது.

ஏற்பியின் வேலை

டெக்டின்-1ஐ முதலில் அடையாளம் கண்டவர்கள் டாலஸ் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தைச் சேர்ந்தவர்கள், ஆண்டு 2000. கிருமிகளை இனங்கண்டு மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் என்ற அளவில்தான் அப்போது அது அறியப்பட்டது. மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுனும் சியாமன் கோர்டனும், பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள பீட்டா-குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும் ஏற்பி அதுவே என்று நிறுவினர். ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கப்படும் சைமோசான் என்ற பொடி, அழற்சியைத் தூண்டும் பொருளாகப் பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் புழங்கிவந்தது. அந்தப் பொடியை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் எதைக் கொண்டு பற்றுகின்றன என்ற பழைய கேள்விக்கும் இதனால் விடை கிடைத்தது.

பீட்டா-குளுக்கான் பூஞ்சையின் மேல்தோலில் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கேண்டிடா போன்ற ஈஸ்டின் சுவரில் வெளியடுக்காக மேனான் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலி படர்ந்திருக்கிறது. குளுக்கானும் கைட்டினும் அதன் அடியில் மறைந்திருக்கின்றன. தாய்ச் செல்லிலிருந்து மொட்டு பிரிந்த தழும்பில் மட்டும் குளுக்கான் வெளியே தெரிகிறது. டெக்டின்-1 அதைத்தான் பற்றுகிறது. கேண்டிடா அல்பிகன்ஸ் மொட்டுவிடும் ஈஸ்டாக இருக்கையில் இந்த ஏற்பியிடம் அகப்படுகிறது என்றும், இழையாக நீளத் தொடங்கியபின் அத்தகைய தழும்புகள் இல்லாததால் தப்பிவிடுகிறது என்றும் 2005இல் அண்டர்ஹில்லின் ஆய்வகமே காட்டியிருந்தது. திசுவைத் துளைத்து உள்ளே செல்லும் வடிவம் அந்த இழைதான். ஆகவே இந்த ஏற்பியால் காணக்கூடியதும் காணமுடியாததும் பூஞ்சையின் இனத்தை மட்டுமன்றி, அது அந்த வேளையில் எடுத்திருக்கும் வடிவத்தையும் பொறுத்தவை.

குளுக்கானைப் பற்றியதும் செல்லுக்குள் சிக் என்ற நொதி விழிக்கிறது, அது கார்ட்9 என்ற இணைப்புப் புரதத்துக்குச் செய்தியைக் கடத்துகிறது, அங்கிருந்து என்.எஃப்.-கப்பா-பி வழியாக அழற்சிப் புரதங்களுக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. பூஞ்சையை விழுங்குதல், வினைமிகு ஆக்சிஜனால் அதைக் கொல்லுதல், இன்டர்லியூக்கின்-17 என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கும் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) உருவாக்குதல் ஆகிய மூன்றும் இந்த வழித்தடத்தின் விளைவுகள். அழற்சியைத் தூண்டும் ஏற்பியை நீக்கினால் அழற்சி குறைய வேண்டும் என்றுதான் இதைப் படிப்பவர் எவரும் எதிர்பார்ப்பார். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது அந்த எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது.

லாஸ் ஏஞ்சலிஸ் எலிகள்

ஆய்வின் முதல் ஆசிரியர் இலியன் இலியெவ். சோதனை முறை இத்துறையில் அனைவரும் கையாளும் ஒன்று: டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்னும் வேதிப்பொருளைக் குடிநீரில் கரைத்துச் சில நாட்கள் எலிக்குக் கொடுப்பார்கள். பெருங்குடலின் உட்பரப்பில் உள்ள ஒற்றை அடுக்குச் செல்களை அது சிதைக்கும், குடலுக்குள் இருந்த நுண்ணுயிர்கள் திசுவைத் தொடும், அழற்சி மூளும். எலியின் எடையை நாள்தோறும் குறித்துவைப்பார்கள். மலம் இளகுகிறதா, இரத்தம் கலந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். இறுதியில் குடலை வெளியே எடுத்து அளவுகோலை அருகில் வைத்து நீளத்தை அளப்பார்கள். அழற்சி கண்ட பெருங்குடல் சுருங்கிக் குட்டையாகிவிடும் என்பதால், நுண்ணோக்கிக்குப் போகும் முன்பே அந்த நீளம் நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

டெக்டின்-1 இல்லாத எலிகள் இயல்பான எலிகளைவிட அதிகம் மெலிந்தன. அவற்றின் குடலில் சளிச்சவ்வு அதிகம் அரிக்கப்பட்டிருந்தது. அழற்சிச் செல்கள் கூடுதலாகக் குவிந்திருந்தன. இதை மட்டும் காட்டியிருந்தால் அந்தக் கட்டுரை இவ்வளவு பேசப்பட்டிருக்காது. குடலில் பூஞ்சை இருக்கிறதா என்பதையே அவர்கள் அடிப்படையிலிருந்து ஆராய்ந்தனர். டெக்டின்-1 ஏற்பியின் குளுக்கான் பற்றும் பகுதியைத் தனியே பிரித்து, அதையே ஒரு சாயக்கருவியாக்கி மலத்தில் பூஞ்சைகளைத் தேடினர்; எலியில் மட்டுமன்றிப் பல பாலூட்டிகளின் மலத்திலும் அவை தென்பட்டன. பின்னர் ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையில் உள்ள, இனத்துக்கு இனம் மாறுபடும் டி.என்.ஏ. பகுதியைப் படித்து அந்தப் பூஞ்சைகளின் கணக்கெடுப்பை நடத்தினர். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பட்டியலில் வந்தாலும், பெரும்பகுதி ஒருசில இனங்களுக்கே உரியதாக இருந்தது. கேண்டிடா ட்ராபிகாலிஸ் என்ற ஒரே இனம் ஏறத்தாழ 65 சதவீதத்தைப் பிடித்திருந்தது. அந்த எலிக்கூடங்களில் சந்தர்ப்பம் வாய்த்தால் நோய் செய்யக்கூடிய ஒரு பூஞ்சையே முதன்மைக் குடியாக இருந்தது என்பது இதன் பொருள்.

அடுத்த படிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அழற்சி கண்ட எலிகளில், ஏற்பி இல்லாதவற்றின் குடல்திசுவுக்குள் பூஞ்சைகள் நுழைந்திருந்தன. ஏற்பி இல்லாத டென்ட்ரிடிக் செல்கள் கேண்டிடா ட்ராபிகாலிஸைக் கொல்வதில் பின்தங்கின. அதே பூஞ்சையை வாய்வழியே கூடுதலாகக் கொடுத்தபோது ஏற்பி இல்லாத எலிகளின் அழற்சி மேலும் மோசமானது. நோய் செய்யாத சாக்கரோமைகாப்சிஸ் ஃபைபுலிகெராவைக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. கடைசியாக, ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பூஞ்சைகளை அடக்கியதும் ஏற்பி இல்லாத எலிகளின் நோய் தணிந்தது. இயல்பான எலிகளில் அந்த மருந்தால் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மருந்துச் சோதனை இல்லாவிட்டால் மற்ற அனைத்தும் உடனிகழ்ச்சிகளாகவே நின்றிருக்கும் என்பதால், கட்டுரையின் முதுகெலும்பு அதுதான் என்று கருதுகிறேன்.

இவற்றிலிருந்து கிடைத்த சித்திரம் இது: குடல்சுவர் உடையும்போது உள்ளே வரும் பூஞ்சையை டெக்டின்-1 உடனே பற்றிக் கொன்றுவிட்டால் அழற்சி குறுகிய காலத்தில் அடங்கும். பற்ற முடியாதபோது பூஞ்சை திசுவில் தங்குகிறது. மற்ற ஏற்பிகள் வழியாக, அதே சமயம் பூஞ்சையைத் தீர்த்துக்கட்டும் திறனின்றி, அழற்சி நீள்கிறது.

மனிதரில் கண்டது

அதே கட்டுரை புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி நோயாளிகளின் மரபணுவையும் பார்த்தது. மருந்துக்கு அடங்காமல் பெருங்குடலை அறுவை செய்து நீக்க நேர்ந்தவர்களிடம், டெக்டின்-1 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட எழுத்துமாற்றத் தொகுதி, மருந்துக்கு அடங்கியவர்களிடம் இருப்பதைவிட அதிகமாகக் காணப்பட்டது. இந்தத் தொடர்பு நோய் வருவதோடு அன்று, வந்த நோய் கடுமையாவதோடு. குடல் அழற்சிக்கான பெரும் மரபணுத் தேடல்களில் டெக்டின்-1 முன்னணியில் வராததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மனிதரில் இந்த ஏற்பியை அடியோடு செயலிழக்கச் செய்யும் ஒரு மரபுமாற்றம் 2009இல் ஒரு டச்சுக் குடும்பத்தில் விவரிக்கப்பட்டது. அவர்களுக்கு மீண்டும் மீண்டும் வந்தவை பெண்ணுறுப்புக் கேண்டிடா தொற்றும் நகப்பூஞ்சையும். அவர்களைப் பற்றிய விவரிப்பின் மையம் குடல் அழற்சி அன்று. அதே மரபுமாற்றத்தைக் குடல் அழற்சி நோயாளிகளிடையே தேடிய மற்றோர் ஆய்வும் தொடர்பு எதையும் காணவில்லை. மாறாக, அழற்சி கண்ட குடல்பகுதிகளில் டெக்டின்-1 கூடுதலாக இருந்ததையே கண்டது. ஏற்பி இல்லாமை மட்டுமே நோய்க்குப் போதுமான காரணம் என்றால் இந்த விளைவுகளுக்கு இடமில்லை.

டோக்கியோ எலிகள்

இவாகுரா குழுவின் எலிகளில் நடந்தது வேறு. டெக்டின்-1 இல்லாத எலிகள் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டை நன்றாகவே தாங்கின. வேறோர் எலியின் டி செல்களை ஏற்றி உண்டாக்கும் அழற்சியையும் தாங்கின. அவற்றின் குடலில் அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மிகுந்திருந்தன. காரணத்தைத் தேடியபோது கிடைத்தது ஒரு பாக்டீரியா: லாக்டோபேசிலஸ் மியூரினஸ். டெக்டின்-1 இயங்கும்போது குடலில் எஸ்100ஏ8 போன்ற நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்கள் சுரக்கின்றன. அவை இந்த பாக்டீரியாவை அடக்கிவைக்கின்றன. ஏற்பி இல்லையென்றால் அடக்குமுறை இல்லை; பாக்டீரியா பெருகுகிறது; அது ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குகிறது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் லேமினரின் என்ற சிறிய குளுக்கானை உணவோடு கொடுத்து இயல்பான எலியிலும் டெக்டின்-1ஐ மறித்தபோது அதே பாதுகாப்பு கிடைத்தது.

இங்கே பூஞ்சையைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று, பூஞ்சையை விட்டுவிட்டு, பாக்டீரியாவின் எண்ணிக்கை வழியாக அழற்சியைத் தீர்மானிக்கிறது. உணவில் வரும் குளுக்கானும் இதே ஏற்பியைத் தொடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எலித்தீவனத்தில் ஈஸ்டும் தானியமும் உண்டு.

இவ்விரண்டு முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்பியின் இரண்டு வேலைகளும் உண்மையாகவே இருக்கலாம். படையெடுக்கக்கூடிய கேண்டிடா மிகுந்த குடலில், கொல்லும் வேலையை இழப்பதால் வரும் கேடு மேலோங்கும். அத்தகைய பூஞ்சை இல்லாத, லாக்டோபேசிலஸ் தழைக்க வாய்ப்புள்ள குடலில், அடக்குமுறை நீங்குவதால் வரும் நன்மை மேலோங்கும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் எலிக்கூடத்தில் ஆம்ஸ்டர்டாம் கண்டதுபோல் எதுவும் தெரியாது. எலிகள் எந்த வணிக நிறுவனத்திலிருந்து வந்தன, என்ன தீவனம் தின்றன, ஒப்பீட்டு எலிகள் ஒரே ஈற்றில் பிறந்தவையா, ஒரே கூண்டில் வளர்ந்தவையா என்பன கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் சிறிய எழுத்தில் வரும் விவரங்கள். இந்த நிகழ்வில் முடிவை மாற்றும் ஆற்றல் அவற்றுக்கே இருக்கிறது.

மருந்து திருப்பித் தாக்கிய விதம்

ஃப்ளுகோனசோல் பலன் தந்தது என்ற 2012 முடிவைப் படித்த எவருக்கும் குடல் அழற்சிக்குப் பூஞ்சைக்கொல்லி கொடுக்கலாமே என்று தோன்றும். அதே சீடார்ஸ்-சைனாய் ஆய்வகத்திலிருந்து 2016இல் வந்த அடுத்த ஆய்வு இந்த எண்ணத்துக்குத் தடை போட்டது. இயல்பான எலிகளுக்கு நீண்ட காலம் பூஞ்சைக்கொல்லி கொடுத்தபோது கேண்டிடா குறைந்தது. ஆனால் பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கிய இடத்தில் வேறு களை முளைப்பதுபோல ஆஸ்பெர்கில்லஸ் ஆம்ஸ்டெலோடாமி, எபிகாக்கம் நைக்ரம், வாலேமியா செபி ஆகிய மூன்றும் பெருகின. டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் தூண்டிய குடல் அழற்சி மோசமானது. வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியால் தூண்டப்படும் மூச்சுக்குழல் ஒவ்வாமையும் கூடியது. அந்த மூன்று பூஞ்சைகளை மட்டும் வாய்வழியே கொடுத்தாலும் நுரையீரலில் அதே விளைவு வந்தது. குடலில் மாறிய பூஞ்சைக் கூட்டம் நுரையீரலில் போய்ப் பேசியது என்பதுதான் இதில் வியப்புக்குரியது.

மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் திருமலாதேவி கன்னெகண்டியின் ஆய்வகம் 2018இல் மேலும் ஒரு காரணத்தைச் சேர்த்தது. இயல்பான குடல் பூஞ்சைகள் சிக்-கார்ட்9 வழித்தடத்தைத் தட்டி இன்ஃப்ளமசோம் என்ற புரதக்கூட்டை இயக்குகின்றன. அதிலிருந்து வரும் இன்டர்லியூக்கின்-18 குடல்சுவரைச் சீராக்க உதவுகிறது. கார்ட்9 இல்லாத எலிகளில் அழற்சியும் பெருங்குடல் புற்றுநோயும் கூடின. பூஞ்சைக்கொல்லி மருந்தும் அவற்றைக் கூட்டவே செய்தது. தூண்டுதலே இல்லாத குடல் ஆறுவதற்கும் திணறுகிறது.

கார்ட்9 எலிகளில் டோக்கியோ முடிவை நினைவூட்டும் பாக்டீரியா வழியும் உண்டு. பாரிஸில் ஹாரி சொகோலின் குழு 2016இல் காட்டியபடி, கார்ட்9 இல்லாத எலியின் குடல் நுண்ணுயிர்கள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சரியாகச் செரித்து, குடலுக்குத் தேவையான சில சேர்மங்களைத் தருவதில்லை. அதனால் இன்டர்லியூக்கின்-22 குறைகிறது, அழற்சி கூடுகிறது. நோய் மரபணுவில் தொடங்கினாலும், நுண்ணுயிர்கள் அதைச் சுமந்து செல்கின்றன.

எந்தப் பூஞ்சை, எந்தக் கிளை

மனிதக் குடலில் பூஞ்சைகள் எண்ணிக்கையில் சிறுபான்மை. மலத்தில் உள்ள நுண்ணுயிர் மரபணுக்களில் அவற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. ஆயினும் பூஞ்சைச் செல் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது. அதன் சுவர் முழுவதும் நோயெதிர்ப்பைத் தூண்டும் சர்க்கரைகள். குடல் அழற்சியின் மற்றொரு வகையான க்ரோன் நோய் கண்டவர்களின் இரத்தத்தில் சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற ரொட்டி ஈஸ்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது 1980களிலிருந்தே தெரியும். க்ரோன் நோயைப் புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சியிலிருந்து பிரித்தறிய அந்தச் சோதனை இன்றும் துணைபுரிகிறது. அந்த எதிர்ப்பொருளைத் தூண்டுவது ரொட்டி ஈஸ்டாகவே இருக்க வேண்டியதில்லை, மேனான் ஒத்திருப்பதால் கேண்டிடா அல்பிகன்ஸும் தூண்டலாம் என்று பின்னர் லீல் நகர ஆய்வாளர்கள் காட்டினர். சொகோல் குழு 2017இல் 235 குடல் அழற்சி நோயாளிகளையும் 38 நலமுள்ளவர்களையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளிடம் கேண்டிடா அல்பிகன்ஸ் கூடியும் சாக்கரோமைசஸ் செரிவிசியே குறைந்தும் இருந்தன. ரொட்டி ஈஸ்ட் எப்போதும் நல்லதென்று இதிலிருந்து முடிவு கட்டவும் முடியாது: யூட்டா பல்கலைக்கழக ஆய்வில் அதே ஈஸ்ட் எலியின் யூரிக் அமிலத்தைக் கூட்டி அழற்சியை மோசமாக்கியது, கீல்வாதத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால் மருந்து அதைத் தணித்தது.

தோலில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா ரெஸ்ட்ரிக்டாவும் இந்த வரிசையில் சேர்ந்தது. 2019இல் சீடார்ஸ்-சைனாய் ஆய்வாளர்கள் க்ரோன் நோயாளிகளின் குடல் சளிச்சவ்வில், குறிப்பாகக் கார்ட்9 மரபணுவில் ஓர் எழுத்து மாறியவர்களிடம், அது மிகுந்திருப்பதைக் கண்டனர். எலிக்கு அதைக் கொடுத்தபோது அழற்சி கூடியது. கார்ட்9 இல்லாத எலியில் அப்படிக் கூடவில்லை. கேண்டிடா ட்ராபிகாலிஸ் விஷயத்தில் இந்த வழித்தடம் இல்லாமை கேடு. மலசீசியா விஷயத்தில் அது இருப்பதே கேட்டுக்கு வழி. மூன்று ஆய்வகங்களின் முரண் இங்கே ஒரே ஊரிலேயே வேறு பூஞ்சையின் பெயரில் மீண்டும் வருகிறது.

இலியெவ் பின்னர் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தம் ஆய்வகத்தை அமைத்தார். குடலில் டெக்டின்-1 உள்ளிட்ட பூஞ்சை ஏற்பிகளைத் தாங்கி நிற்பவை சி.எக்ஸ்.3.சி.ஆர்.1 குறியுள்ள மேக்ரோஃபேஜ்கள் என்றும், அவற்றை நீக்கினால் எலியில் பூஞ்சைக்கெதிரான எதிர்ப்பாற்றல் குலைந்து அழற்சி கூடுகிறது என்றும் அவர் குழு 2018இல் காட்டியது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களின் ஆய்வு இனத்தையும் தாண்டி, ஒரே இனத்துக்குள் மரபில் வேறுபடும் கிளைக்குச் சென்றது. புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி நோயாளிகளின் சளிச்சவ்விலிருந்து தனித்தனியே வளர்த்தெடுத்த கேண்டிடா அல்பிகன்ஸ் கிளைகளுள் சில மேக்ரோஃபேஜ்களைக் கடுமையாகச் சிதைத்தன. சில ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி கேண்டிடலைசின் என்ற நச்சுப்புரதத்திலும் அது தூண்டும் இன்டர்லியூக்கின்-1பீட்டாவிலும் இருந்தது. 31 அமினோ அமிலங்களே கொண்ட அந்தச் சிறு புரதத்தைக் கேண்டிடா இழையாக நீளும்போதுதான் சுரக்கிறது. டெக்டின்-1இன் பார்வைக்கு அகப்படாத வடிவமும் அதுதான். ஒருவேளை அதனால்தான் உடல் அந்த இழைகளைத் தனியே குறிவைக்கிறது: கேண்டிடா ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் இழைப்புரதங்களைத் தேடிப் பிடிக்கும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளைக் குடல் சுரப்பதாகவும், அதன் அழுத்தத்தால் பூஞ்சை தீங்கற்ற ஈஸ்ட் வடிவத்திலேயே தங்குவதாகவும் 2021இல் யூட்டாவில் ஜூன் ரவுண்டின் குழு கண்டிருந்தது.

ஆகவே குடல் அழற்சிக்குப் பூஞ்சைக்கொல்லியைச் சோதிக்க விரும்பும் எவரும், நோயாளிகள் அனைவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துச் சராசரியைப் பார்த்தால் ஆம்ஸ்டர்டாமின் விடையே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சிலருக்குக் கிடைத்த நன்மையையும் சிலருக்கு நேர்ந்த கேட்டையும் அந்தச் சராசரி விழுங்கிவிடும். நோயாளியின் டெக்டின்-1, கார்ட்9 மரபணு வடிவம், சளிச்சவ்வில் வேரூன்றியிருக்கும் பூஞ்சையின் இனம், அதன் கிளை கேண்டிடலைசினை எவ்வளவு சுரக்கிறது என்பன முதலில் தெரிய வேண்டும். மருத்துவமனை ஆய்வகம் வழக்கமாகத் தரும் அறிக்கையோ ‘கேண்டிடா அல்பிகன்ஸ் வளர்ந்துள்ளது’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது. கடுமையான கிளையையும் சாதுவான கிளையையும் அந்த வரி ஒன்றாகவே எழுதுகிறது.